கீழக்கரைத் தொதலும் பாம்பன் மீனும்: எங்கே, எந்தக் கிழமை, எப்படிப் பார்த்து வாங்குவது

ராமநாதபுரம் கடற்கரைக்குச் சாப்பிடவும் சாமான் வாங்கவும் வருவதென்றால் கிழமை பார்த்துக் கிளம்புங்கள். ராமேசுவரம், மண்டபம் பக்கத்து விசைப்படகுகள் பாக் விரிகுடாவில் வாரத்துக்கு 3 நாள்தான் தொழிலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. போன படகு மறுநாள் காலைதான் கரை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் இறங்குதளங்களில் மீன் குவிந்து கிடக்கும். மீதி நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. அன்றைக்கு வரத்து குறைவு, விலையும் கொஞ்சம் கூடும். ஆனால் வலையை வளைத்த சில மணி நேரத்தில் மீன் கரைக்கு வந்துவிடுகிறது. இழுவை மடியில் நசுங்குவதும் இல்லை. நல்ல மீன் நாலைந்து கிலோ போதும் என்பவர்களுக்கு நாட்டுப்படகு நாள்தான் எங்கள் சிபாரிசு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் ஓடாது. அந்த நாள்களில் ஓட்டல் பலகையில் பெரிய மீன் பெயர் எழுதியிருந்தால் கேரளத்திலிருந்து லாரியில் வந்ததாகவோ, ஐஸில் கிடந்த சரக்காகவோதான் பெரும்பாலும் இருக்கும். சூடை, காரல், நகரை போன்ற கரையோர மீன் கேட்டுச் சாப்பிடுங்கள், ஏமாற்றம் இருக்காது. இன்னொன்று: இலங்கைக் கடற்படையிடம் படகுகள் பிடிபட்டால் இங்கே வேலைநிறுத்தம் அறிவித்துவிடுவார்கள். அப்போது செவ்வாயும் வியாழனும் கணக்கில் வராது. முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுவது நல்லது.

தீவுக்காரர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். வடகடல் என்பது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, சேறு அதிகம். இறாலும் நண்டும் காரலும் அங்கே. தென்கடல் மன்னார் வளைகுடா. பாரும் பவளப்பாறையும் உள்ள கடல். விளைமீன், கலவா, பாறை, சீலா, ஊழி எல்லாம் தென்கடல் சரக்கென்றால் ருசி ஒரு படி மேல். வியாபாரியிடம் "இது எந்தக் கடல்?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர் என்று கண்டதும் பேச்சே மாறும்.

பெயர்க் குழப்பத்தில் காசை விட்டவர்கள் நிறைய. சென்னையில் வஞ்சரம் என்று வாங்குவதை இந்தக் கரையில் சீலா என்பார்கள். சென்னையில் ஷீலா என்று விற்பது இங்கே ஊழி. இரண்டும் நீளவாக்கு மீன்தான், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். சீலாவுக்குச் செதில் கண்ணில் படாது, தோல் வழவழவென்று வெள்ளி நிறம், வாய் கூர்மை. ஊழிக்குச் செதில் கையில் உரசும், கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், பல் நாய்ப்பல் மாதிரி. துண்டு போட்டு வைத்ததை வாங்காதீர்கள். தலையோடு இருப்பதைக் காட்டச் சொல்லி, கண்முன் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

இறங்குதளத்தில் ஏலம் கூறு கூறாகப் போகும். ஒரு கூறு என்பது பெட்டியாகவோ குவியலாகவோ இருக்கும். ஒரு வீட்டுக்கு அது மிக அதிகம். ஏலத்துக்குள் நுழைந்து கை தூக்க வேண்டாம். ஏலம் எடுத்த பெண்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்து பிரித்து விற்பார்கள், அங்கே போங்கள். தராசைப் பாருங்கள். எடை போடும் தட்டில் ஐஸும் தண்ணீரும் தேங்கியிருந்தால் வடித்துவிட்டுப் போடச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஓரமாகக் குவித்திருக்கும் பொடி மீனை மலிவென்று கேட்காதீர்கள். சங்காயம் என்று அதைத் தீவனத்துக்கும் எருவுக்கும் காய வைக்க எடுத்துப் போவார்கள்.

நண்டுதான் இந்தக் கரையில் அதிகம் ஏமாற வைப்பது. நீலக்கால் நண்டு பார்க்க எல்லாமே ஒரே அழகு. உள்ளே சதை இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு கதை. நண்டைத் திருப்பிப் பிடியுங்கள். வயிற்றுப் பக்கம் பளிச்சென்று பால் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி மினுக்கினால் அது சமீபத்தில் ஓடு கழற்றியது. புது ஓட்டுக்குள் சதை இன்னும் நிரம்பவில்லை. வயிறு கொஞ்சம் அழுக்கேறி, பழுப்புப் படிந்து, ஓரத்தில் கறை பட்டதுபோல் இருந்தால் அதுதான் சதை கட்டியது. பெருவிரலால் பெரிய காலின் அடிப்பக்கத்தை அழுத்துங்கள். அமுங்கினால் கீழே வைத்துவிடுங்கள். ஒரே அளவு நண்டு இரண்டை இரண்டு கையில் தூக்கிப் பார்த்தால் கனமானது எது என்று உடனே தெரியும். பௌர்ணமியை ஒட்டி நண்டு சதை வற்றியிருக்கும் என்பது மீனவர் வழக்கு. அந்த நாள்களில் இரட்டிப்பாகச் சோதித்து வாங்குங்கள். வயிற்று மடிப்பு ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடிப்புக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பியிருக்கும் பெண் நண்டை வாங்காதீர்கள். அந்த முட்டையில் ருசியும் கிடையாது, அடுத்த பருவத்து நண்டும் அதோடு போய்விடும். செத்து நேரமான நண்டில் மூக்கைச் சுளிக்க வைக்கும் அமோனியா நெடி வரும். எவ்வளவு மசாலா போட்டாலும் அடங்காது.

இறாலில் தலை கறுத்துத் தளர்ந்திருந்தால் வேண்டாம். கணவாயின் தோல் புள்ளிகளோடு, சதை பால் வெள்ளையாக இருக்க வேண்டும். சதை ரோஜா நிறத்துக்குத் திரும்பிவிட்டால் ஒரு நாள் தாண்டிய சரக்கு.

ஊருக்குக் கொண்டு போவதென்றால் செதிலும் குடலும் செவுளும் எடுத்து முழு மீனாக வையுங்கள், துண்டு போட வேண்டாம். 1 கிலோ மீனுக்கு 1 கிலோ உடைத்த ஐஸ். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்க வேண்டும். மீனைத் தடித்த பாலித்தீன் பையில் கட்டி வைத்தால்தான் உருகிய தண்ணீரில் ஊறி வெளிறாது. இரவு ரயிலில் போகிறவர்கள் மூடியைச் சுற்றிப் பிசின் நாடாவை இரண்டு சுற்று ஒட்டுங்கள். பெட்டி கசிந்தால் சக பயணிகளோடு விடிய விடியச் சண்டைதான்.

சாப்பிடுவதற்கு வருவோம். ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பெரும்பாலும் சைவ ஓட்டல்கள்தான். மீன் சாப்பாட்டுக்குத் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் போங்கள். மதியம் 12:30-க்கு உட்கார்ந்துவிட வேண்டும். 2 மணிக்கு மேல் குழம்பில் துண்டு இருக்காது, சட்டி வழித்த சாறுதான். என்ன மீன் என்று பலகையைப் பார்த்துக் கேட்பதை விட "இன்னைக்குக் குழம்புல என்ன கிடக்கு?" என்று கேளுங்கள். பொரித்த மீனை விடக் குழம்பை நம்பலாம் என்பது எங்கள் கணிப்பு. பொரியலில் மசாலாவும் எண்ணெயும் பழைய மீனை மறைத்துவிடும். குழம்பில் மறைக்க முடியாது, சதை உதிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

தனுஷ்கோடி போகும் வழியில் குடிசைக் கடைகளில் மீனை அடுக்கி வைத்து, நீங்கள் காட்டுவதைப் பொரித்துத் தருவார்கள். இடமும் காற்றும் அருமை. ஆனால் மசாலா தடவி அடுக்கியிருப்பதை எடுக்காதீர்கள். தடவாத மீன் இருக்கிறதா என்று கேட்டு, செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா பார்த்து, விலையைப் பேசி முடித்த பிறகே சட்டியில் போடச் சொல்லுங்கள். பொரித்து முடித்த பின் விலை கேட்டால் அவர் சொன்னதுதான் விலை. எண்ணெய் கறுத்து நுரை கட்டியிருந்தால் அடுத்த குடிசைக்கு நகருங்கள். மாலைக்குள் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவாடு மண்டபம், பாம்பன் சாலையோரங்களில் வரிசையாகத் தொங்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது மணல்: கடற்கரையில் விரித்துக் காய வைத்தது என்றால் நகத்தால் சுரண்டும்போது நறநறக்கும். பரணில் காய வைத்தது, விலை கூடுதலானாலும், அதுவே லாபம். இரண்டாவது, சதையில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கிறதா என்பது. அது மசாலா நிறம் அல்ல, உப்பில் வளரும் கிருமி. ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் வரும். மூன்றாவது, செவுள் ஓரத்திலும் முள்ளை ஒட்டியும் பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் வண்டு விழுந்துவிட்டது. மாசி மட்டும் தனி ரகம். சூரையை வேக வைத்து, புகை காட்டி, விறகுக் கட்டை மாதிரி காய வைத்தது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கட்டை தட்டும் ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம். இடித்துச் சம்பலுக்குப் போட நல்ல மாசி கீழக்கரைக் கடைகளில் கிடைக்கும்.

கீழக்கரை ராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டர். சீதக்காதி வள்ளலின் ஊர். பல தலைமுறையாக இலங்கை, பர்மா, மலேயா என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் கொண்டு வந்த ருசிகள் இந்த ஊர் அடுப்பில் தங்கிவிட்டன. வெள்ளிக்கிழமை மதியம் வராதீர்கள், ஜும்மா தொழுகை முடியும் வரை கடைகள் சாத்தியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு தேடுவதும் வீண், ஆனால் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு கடைத்தெரு ஒரு திருவிழா.

காலை 7 முதல் 9-க்குள் இடியாப்பம். சூட்டோடு தட்டில் விழும் இடியாப்பம் கையில் எடுத்தால் இழை இழையாகப் பிரியும். ஓரம் விறைத்து ஒரே கட்டியாக வந்தால் முந்தின ஈடு. தொட்டுக்கொள்ள ஆட்டுக்கால் பாயா, அல்லது தேங்காய்ப்பால் விட்ட ஆணம். குழம்பு என்று கேட்டாலும் தருவார்கள், ஆணம் என்று கேட்டால் மனசாரத் தருவார்கள்.

இந்த ஊருக்கு வந்து வாங்காமல் போகக் கூடாதது தொதல். மலாய் நாட்டில் தோதோல், இலங்கையில் களு தொதல், இங்கே தொதல். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, நெய், முந்திரி. சிலர் ஜவ்வரிசியும் சேர்ப்பார்கள். மாவு ஒரு பங்கு என்றால் கருப்பட்டி இரண்டு பங்கு. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, மாவையும் பாலையும் கட்டியில்லாமல் கலந்து, விறகடுப்பில் அகன்ற சட்டியில் மூன்று நான்கு மணி நேரம் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் வெறும் கூழ். அப்புறம் கெட்டியாகிச் சட்டியோடு மல்லுக்கு நிற்கும். அங்கேதான் பலர் இறக்கிவிடுகிறார்கள். இன்னும் கிண்டினால் தேங்காய்ப்பால் எண்ணெய் பிரிந்து ஓரமெல்லாம் மினுமினுக்கும், மொத்தமும் சட்டியை விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாகப் புரளும். அதுதான் பதம். எண்ணெய் பிரியும் முன் இறக்கியதில் ஈரம் தங்கிவிடும், மூன்றாம் நாளே பூசணம் பூக்கும்.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். துண்டு போட்ட முகத்தைப் பாருங்கள். நல்ல தொதலின் வெட்டு முகம் கறுத்த பழுப்பில், கண்ணாடி போல் பளபளக்கும், கத்தியில் ஒட்டாது. விரலால் அழுத்தினால் குழிந்து மெல்ல மேலே வரும், விரலில் எண்ணெய்ப் பசை மட்டும் இருக்கும், மாவு ஒட்டாது. வாயில் போட்டால் பல்லில் அப்பாமல் கரைய வேண்டும். பசை மாதிரி அப்பினால் மைதாவோ வேகாத மாவோ இருக்கிறது. நிறம் வெளிறியிருந்தால் சீனி போட்டது. அதுவும் தின்னலாம், ஆனால் கருப்பட்டி விலை கொடுக்காதீர்கள். மோந்து பாருங்கள். தேங்காய் எண்ணெய் காறல் வாடை லேசாக அடித்தாலும் அது பழசு. "எப்போ கிண்டினது?" என்று கேட்பதற்கு எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. சுளித்தால் அங்கே வாங்க வேண்டாம். வெளியே ஒரு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாக இறுகிவிடும். வீணாகிவிட்டது என்று எறிய வேண்டாம், இட்லிச் சட்டியில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் பழையபடி இளகும்.

வட்டலப்பமும் ஓட்டுமாவும் வீட்டுப் பலகாரங்கள், முன்னாலேயே சொல்லி வைத்தால் செய்து தருகிற பெண்கள் ஊரில் உண்டு. வட்டலப்பம் அன்றைக்கே தின்ன வேண்டியது. முட்டையும் தேங்காய்ப்பாலும் பயணத்துக்கு ஆகாது.

நோன்பு நாள்களில் எல்லா வீட்டிலும் இருக்கும் கடல்பாசி, பலர் சைனா கிராஸ் என்று பாக்கெட்டில் வாங்குவதுதான். அதன் மூலச் சரக்கு இந்தக் கரையிலேயே கிடைக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். காய வைத்த பச்சைப் பாசியைப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் வெளுக்க வேண்டும், இல்லையென்றால் கவுச்சி போகாது. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பதப்படுத்திய இழையே வாங்கிக்கொள்ளுங்கள். 10 கிராம் இழைக்கு 1 லிட்டர் தண்ணீரோ பாலோ கணக்கு. முதலில் அரை மணி ஊற வைத்து, தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைத்து இழை முழுவதும் கரைந்த பிறகே பாலும் சீனியும். கொதி வராமல் கரையாது. கரையாத இழை அடியில் நார் நாராக நிற்கும். எலுமிச்சை, புளிப்புப் பழச்சாறு சேர்ப்பதென்றால் இறக்கிய பிறகு ஊற்றுங்கள், சேர்த்துக் கொதித்தால் உறையாமல் தளர்ந்துவிடும்.

சீனத்தோடு இந்தக் கரைக்கு உறவு இன்று நேற்று வந்ததல்ல. கீழக்கரைப் பக்கத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சிங்கப்பூர் சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கும் ஜாமிஆ பள்ளிவாசல் 1826-ல் தமிழ் முஸ்லிம்கள் ஏற்படுத்தியது. அந்தப் பக்கத்து உலர் சரக்குக் கடைகளில் கண்ணாடி ஜாடிக்குள் விலை ஒட்டி வைத்திருக்கும் மீன் நெட்டியும் (மீனின் காற்றுப்பை) கடல் அட்டையும் இந்தக் கரைக்காரர்களுக்குத் தெரிந்த பொருள்கள்தான். கூறல் மீனின் நெட்டிக்காகவே பாம்பனில் ஒரு மீன் பெரும் விலைக்கு ஏலம் போவதுண்டு. அது ஏற்றுமதி வியாபாரம், வீட்டுக்கு வாங்குகிறவர் தலையிட ஒன்றுமில்லை. கடல் அட்டை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் அங்கே கடையில் பார்த்துவிட்டு "ஊரிலிருந்து கொஞ்சம் கொண்டு வா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். கரையில் யாராவது காதோடு காதாக விலை சொன்னாலும் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

கருப்பட்டிக்குச் சாயல்குடி வட்டாரமும் திருப்புல்லாணிப் பக்கமும். பதனீர் இறங்கும் மாசி முதல் ஆடி வரைக்குள் வாங்கினால் புதுச் சரக்கு. நெடுஞ்சாலையோரம் பளபளவென்று ஒரே அளவில் அடுக்கியிருப்பதில் பாதிக்கு மேல் சீனி கலந்து காய்ச்சியது என்பதே எங்கள் அனுபவம். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகம் மங்கலாக, மண் கட்டி போல் இருந்தால் நல்லது. பளிங்கு மாதிரி மினுக்கும் மணிகள் தெரிந்தால் சீனி. நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான உப்புக் கரிப்பு தட்டும், கடற்கரைப் பனையின் குணம் அது. சுத்தக் கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். கசிவதைக் கண்டு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். எந்த மழையிலும் கல்லாகவே இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவது பழைய வழி. அடுக்குமாடி வீட்டில் காற்றுப் புகாத டப்பா போதும்.

கடைசியாகக் குண்டு மிளகாய். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு பெற்றது. புரட்டாசி மழையை நம்பி விதைத்து, மாசிக்குப் பிறகு பறிப்பார்கள். பங்குனி, சித்திரையில் வாங்குவது வருஷத்துக்கும் நல்லது. தோல் தடிப்பாக, கருஞ்சிவப்பில் மினுக்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று ஒலித்தால் நன்றாகக் காய்ந்தது. ஒலிக்காததில் ஈரம் இருக்கிறது. எடைக்காகத் தண்ணீர் தெளித்த மூட்டை அப்படித்தான் இருக்கும். வெளிறிய வெள்ளைத் திட்டு விழுந்த காயைப் பொறுக்கித் தள்ளுங்கள், நிறமும் காரமும் இரண்டுமே குறைவு. நீள மிளகாயை விட இதில் மணம் அதிகம். மீன் குழம்புப் பொடிக்கு முழுக்கவே குண்டு மிளகாய் போட்டால் நிறம் ஆழமாக வரும், ஆனால் தோல் தடிப்பாக இருப்பதால் மில்லுக்குக் கொண்டு போகும் முன் இரண்டு வெயில் கூடுதலாகக் காட்ட வேண்டும். காம்பைக் கிள்ளி வைக்காதீர்கள், கிள்ளிய வாய் வழியாக வண்டு போகும். அரைக்கிற அன்றைக்குக் கிள்ளிக்கொள்ளலாம்.